உப்புக்கு ஏது வாசனை?

சமையலறையில் இருக்கும் உப்பு ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தால் மூக்குக்கு ஒன்றும் தட்டுப்படாது. தட்டுப்பட வழியும் இல்லை. ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகள் மூக்கின் மேற்புறத்து ஈரப்படலத்தில் படியும்போதுதான் நமக்கு வாசனை தெரிகிறது. சோடியம் குளோரைடோ எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்ட படிகம். அது உருகுவதற்கே 800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அறை வெப்பத்தில் அதிலிருந்து எதுவும் கிளம்பி வராது. அப்படியிருக்க, பாரிஸில் இயங்கும் வாசனைத் திரவிய வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஹீலி 2008இல் வெளியிட்ட ஒரு பெர்ஃப்யூமின் பெயரே 'செல் மரீன்', கடல் உப்பு. பெருஞ்சந்தையைக் குறிவைக்காமல் சிறிய அளவில் தயாரிக்கப்படும் 'நிஷ்' வகையைச் சேர்ந்தது அது. எலுமிச்சை, பெர்கமாட், கடற்பாசி, மரப்பாசி, தேவதாரு, நம் வெட்டிவேர் என்று அதன் மணங்களைப் பட்டியலிடுகிறார்கள். பட்டியலின் நடுவில் உப்பும் இருக்கிறது. இந்த வகைப் பெர்ஃப்யூம்களை அணிகிறவர்கள் அவை 'உப்புக் கரிக்கின்றன' என்று தயங்காமல் சொல்கிறார்கள். காகிதத்தில் தெளித்தால் வெறும் எலுமிச்சையாகத் தோன்றியது தோலில் ஏறியதும் கடலில் குளித்துக் காய்ந்த உடம்பாக மாறிவிடுகிறது என்பவர்களும் உண்டு. வாசனையே இல்லாத ஒரு பொருளின் வாசனையை இத்தனை பேர் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? அது ஏன் காகிதத்தைவிடத் தோலில் அதிகம் தெரிகிறது? இரண்டுக்கும் ஒரே திசையில்தான் விடை இருக்கிறது என்பது என் வாதம். குப்பிக்குள் இருப்பவை கடலைப் பற்றிய சில குறிப்புகள். எந்தக் குறிப்பு எப்போது வெளிப்பட வேண்டும் என்பதைத் தோல் தீர்மானிக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கடல் என்று வாசிப்பது மூளை.

முதலில் உண்மையான கடலுக்கு வருவோம். கடற்கரையில் நின்றதும் மூக்கில் ஏறும் அந்த மணத்தின் முதன்மைக் காரணி டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம். சிவப்புக் கடற்பாசி ஒன்றிலிருந்து இது வெளியேறுவதை 1935இலேயே பால் ஹாஸ் கண்டறிந்தார். அதைப் பிறப்பிக்கும் தாய்ச்சேர்மம் பாசிகளின் செல்களுக்குள் இருப்பதை 1948இல் ஃபிரெடெரிக் சேலஞ்சரும் அவருடைய உடன் ஆய்வாளரும் காட்டினார்கள். 1972இல் ஜேம்ஸ் லவ்லாக் குழுவினர் திறந்த கடலின் மேற்பரப்பு நீரிலேயே இந்தச் சேர்மம் பரவலாக இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். அந்தத் தாய்ச்சேர்மத்தைப் பாசிகள் ஏன் உண்டாக்குகின்றன என்பதற்குத் தரப்படும் முக்கியமான விளக்கம், உப்பு நீர் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடாமல் தடுக்க என்பது. ஆக, உப்புக்கு மணம் இல்லாவிட்டாலும், உப்பைத் தாக்குப்பிடிக்க உயிர்கள் சேர்த்துவைக்கும் பொருளிலிருந்து மணம் பிறக்கிறது. பாசி செத்தாலோ, நுண்ணுயிர்களால் மேயப்பட்டாலோ அந்தப் பொருள் வெளியே கசிகிறது. பாக்டீரியாக்கள் அதை உடைத்துத் தின்னும்போது டைமெத்தில் சல்ஃபைடு காற்றில் கலக்கிறது. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரிய மரபணு ஒன்றை இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் குழுவினர் 2007இல் அடையாளம் கண்டார்கள். அவர்கள் ஆய்ந்த பாக்டீரியா, நார்ஃபோக் கடற்கரையின் உப்புச் சதுப்பில் அள்ளிய சேற்றிலிருந்து வந்தது.

இது மனிதர்கள் தங்கள் மூக்கை வைத்துக் கட்டிய கதை மட்டுமோ என்ற ஐயம் எழலாம். அதைத் தீர்க்க ஒரு நல்ல சான்று கடற்பறவைகளிடமிருந்து கிடைக்கிறது. கேப்ரியல் நெவிட்டும் அவருடைய சகாக்களும் தென்முனைக் கடலில் தாவர எண்ணெயைப் படலமாகப் பரப்பினார்கள். சில படலங்களில் டைமெத்தில் சல்ஃபைடு கலந்திருந்தது, மற்றவற்றில் இல்லை. நிலத்தையே அதிகம் நாடாமல் கடல்மேல் வாழும் பெட்ரல் இனப் பறவைகள் சில, அந்த மணம் கலந்த படலங்களைத் தேடி அதிகமாக வந்தன. 1995இல் வெளியான இந்த முடிவு சொல்வது நேரடியானது. பாசி மேயப்படும் இடத்தில் இரை இருக்கும், இரை இருக்கும் இடத்தில் இந்த மணம் எழும், அதைப் பின்தொடரும் பறவைக்குச் சாப்பாடு கிடைக்கும். எந்த விளம்பரமும் பார்க்காத உயிரினம் ஒன்று இந்த மூலக்கூறைக் கடலில் உணவிருக்கும் இடத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது என்றால், கடலின் மணத்துக்கு நம் கற்பனைக்கு வெளியே ஓர் அடித்தளம் இருக்கிறது என்று பொருள். இதனுடன் வேறு சிலவும் சேர்கின்றன. பாசிகளும் கடல் புழுக்களும் உண்டாக்கும் புரோமோஃபீனால்கள் கடலில் பிடித்த இறாலுக்கும் மீனுக்கும் அந்தக் கடல் சுவையைத் தருகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் விட்ஃபீல்டு விரிவாக ஆராய்ந்து காட்டினார். 'அயோடின் வாடை' என்று பலர் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். பழுப்புப் பாசிகள் தம் இனப்பெருக்கச் செல்களை ஒன்றையொன்று தேடிவரச் செய்ய வெளியிடும் நீர்க்கரிமங்களும் இந்தக் கலவையில் உண்டு. கடற்காற்றின் மணம் ஓசோனால் வருவது என்பது 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பரப்பிய நம்பிக்கை. நோயாளிகளைக் கடலோரத்துக்கு அனுப்பிய அவர்களுடைய நோக்கம் நல்லதாக இருந்தாலும் வேதியியல் சரியில்லை. ஆனாலும் பெர்ஃப்யூம் கடைகளில் 'ஓசோனிக்' என்ற வகைப்பெயர் இன்றும் நிற்கிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தால் அவற்றையே எடுத்துக் குப்பியில் அடைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் தோலின் முதல் தடை வருகிறது. டைமெத்தில் சல்ஃபைடின் கொதிநிலை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ், நம் உடம்பின் வெப்பநிலைதான். மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் கணப்பொழுதில் காணாமல் போகும். போகாமல் நின்றால் இன்னும் மோசம். காற்றில் மிக நீர்த்திருக்கும்போது கடலாகத் தெரியும் அது, கொஞ்சம் செறிந்துவிட்டால் வெந்த முட்டைக்கோஸாக வீசும். புரோமோஃபீனால்களோ அடர்ந்தால் மருத்துவமனைக் கிருமிநாசினியை நினைவூட்டும். கடற்காற்றில் இவை எல்லாம் இனிமையாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் அளவு. பரந்த வெளியில் காற்று அவற்றை நொடிக்கு நொடி கலைத்துக்கொண்டே இருக்கிறது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், ஆறு மணி நேரம் நிலைக்க வேண்டிய பெர்ஃப்யூமுக்கு அந்த வசதி கிடையாது. பாசிச் சாற்றைக் கரைப்பானில் இழுத்தெடுத்துச் செறிவூட்டிய 'ஃபூக்கஸ் அப்சொல்யூட்' என்ற சரக்கு உண்டு. கரும்பச்சையாக, பசைபோல இருக்கும். நிஷ் தயாரிப்பாளர்கள் சிலர் அதைக் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்துக் கட்டினால் கரை ஒதுங்கி வெயிலில் கிடக்கும் பாசிக் குவியல்தான் கிடைக்கும். திறந்த கடல் கிடைக்காது.

திறந்த கடலைத் தந்தது கடலோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வகம். 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஒரு சேர்மத்தை உருவாக்கினார்கள். அது அறை வெப்பத்தில் வெண்ணிறப் படிகமாக இருந்தது. வெட்டிய தர்ப்பூசணியின் மணம் அதில் பலமாக வீசியது. ஃபைசரின் பிரெஞ்சு வாசனைப் பிரிவான காமிலி, அல்பேர் எ லாலூவின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குக் 'கலோன்' என்று பெயர் வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது ஒரு துணைச்சரக்காகவே இருந்தது. 1988இல் அராமிஸ் நிறுவனத்தின் 'நியூ வெஸ்ட்' பெர்ஃப்யூமில் அது துணிந்து பெரிய அளவில் சேர்க்கப்பட்டது. பிறகு 1992இல் 'லோ திஸ்ஸே', 1996இல் 'அக்குவா தி ஜியோ' என்று உலகமே நீர்மணம் பூசத் தொடங்கியது. இன்று 'கடல்' என்று எழுதிய குப்பிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கலோனோ அதன் உறவுச் சேர்மங்களோதான் முதுகெலும்பு. இது எப்படிக் கடலானது? ஒரு விளக்கம் உருவ ஒற்றுமை. பழுப்புப் பாசி ஒன்று வெளியிடும் எக்டோகார்ப்பீன் என்ற ஈர்ப்புப் பொருளின் அமைப்பை டீட்டர் முல்லரும் லோத்தார் யேனிக்கேயும் 1971இல் வெளியிட்டார்கள். அதில் ஏழு அணுக்கள் கொண்ட வளையம் இருக்கிறது, கலோனிலும் அப்படியொரு வளையம் இருக்கிறது. கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் நான் இதில் அதிகம் சாய மாட்டேன். உருவம் நெருங்கியிருந்தும் மணம் முற்றிலும் விலகும் மூலக்கூறு ஜோடிகள் ஏராளம். உருவத்தை வைத்து மணத்தைக் கணிப்பது இன்றைக்கும் கடினமான வேலை. இதைவிட வலுவான பாலம் மீனில் இருக்கிறது. அப்போதுதான் பிடித்த மீனில் கவிச்சி வாடை இருக்காது. வெள்ளரிக்காயும் கிர்ணிப்பழமும் கலந்த பச்சை மணமே இருக்கும். 1980களில் அமெரிக்காவின் ஜோசப்சனும் லிண்ட்சேயும் அதன் காரணத்தை விளக்கினார்கள். மீனின் கொழுப்பமிலங்களை அதன் நொதிகள் உடைக்கும்போது பிறக்கும் ஒன்பது கார்பன் ஆல்டிஹைடுகளே வெள்ளரிக்காய்க்கும் மணம் தருபவை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் வசந்தம் வந்துவிட்டதை அறிவிக்கும் கோர்யுஷ்கா மீன் வெள்ளரிக்காய் மணத்துக்கே பேர்போனது. கெட்டுப்போகத் தொடங்கிய பிறகு எழும் அமீன்களைத்தான் நாம் மீன் வாடை என்கிறோம். எனவே தர்ப்பூசணி மணத்துக்கும் புதிய கடலுக்கும் இடையில் இயற்கையிலேயே ஒரு வழி இருந்தது. விளம்பரங்கள் அந்த வழியை ராஜபாட்டையாக்கின.

ஆனாலும் உப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு வாசனை ஆய்வைவிட உணவு ஆய்வுதான் தெளிவான பதிலைத் தருகிறது. பிரான்சின் திஜோன் நகரில் தியெரி தொமா-தாங்கன் உள்ளிட்ட குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனையில், உப்பு மிகக் குறைவாகக் கரைத்த தண்ணீரில் வெவ்வேறு வாசனைகளைக் கலந்து கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். மத்தி மீன் போல, உப்பான உணவோடு நாம் எப்போதும் சேர்த்தே சந்திக்கும் வாசனைகள் கலந்தபோது தண்ணீர் கூடுதலாக உப்புக் கரிப்பதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். தண்ணீரில் இருந்த உப்பின் அளவு மாறவே இல்லை. மூளை அந்த வாசனையோடு உப்பையும் சேர்த்தே படித்து வைத்திருக்கிறது. ஒன்று வந்தால் மற்றதையும் கூட்டி வருகிறது. இது பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா? 1995இல் ரிச்சர்ட் ஸ்டீவன்சனும் சகாக்களும் ஆஸ்திரேலியாவில், அங்குள்ளவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத லிச்சி போன்ற வாசனைகளைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து சிலமுறை குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு அந்த வாசனையைத் தனியாக முகர்ந்தபோதே அது முன்பைவிட 'இனிப்பாக' இருப்பதாகச் சொன்னார்கள். சுவைக்கும் மணத்துக்கும் இடையிலான முடிச்சைச் சில தடவைகளிலேயே போட்டுவிடலாம் என்பதே இதன் பொருள். கடலில் குளிக்கும்போது உதட்டில் பட்ட கரிப்பும் மூக்கில் ஏறிய பாசி மணமும் ஒரே நேரத்தில் வந்தவை. பெர்ஃப்யூமில் பாசியும் கந்தகச் சாயலும் வரும்போது உப்பு தானாக வருகிறது. இதில் பெயருக்கும் பங்குண்டு. 2005இல் எட்மண்ட் ரோல்ஸ் உள்ளிட்டோர் ஒரே வாசனையை 'செடார் சீஸ்' என்ற சீட்டோடும் 'உடல் வாடை' என்ற சீட்டோடும் முகரக் கொடுத்தார்கள். முதல் சீட்டோடு முகர்ந்தபோது அது இனிமையாக இருப்பதாகச் சொன்னார்கள். மணத்தின் இனிமையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயற்பாடும் மாறியது. குப்பியின் மேல் 'கடல் உப்பு' என்று எழுதுவதும் அந்தக் கலவையில் ஒரு சரக்குதான்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமை, எந்தத் திரவத்தின் மேலும் கடல் என்று சீட்டு ஒட்டிவிடலாம் என்று இதற்குப் பொருளா? இல்லை என்றே சொல்வேன். சீட்டின் சக்திக்கு எல்லை இருக்கிறது. அந்தச் சோதனையில் கொடுத்த வாசனை உண்மையிலேயே சீஸுக்கும் வியர்வைக்கும் பொதுவான ஒன்று. மல்லிகை மணத்துக்கு 'கடல்' என்று சீட்டு ஒட்டினால் அது ஒட்டாது. மூலக்கூறுகள் எத்தனை வாசிப்புகளுக்கு இடம் கொடுக்கின்றனவோ, அவற்றுக்குள்தான் மூளை தேர்ந்தெடுக்க முடியும். அதனால்தான் எந்த மூலக்கூறு எந்த நேரத்தில் மூக்கை எட்டுகிறது என்பது முக்கியமாகிறது. அதைத் தீர்மானிப்பது தோல்.

பெர்ஃப்யூம் பெரும்பாலும் எத்தில் ஆல்கஹாலில் கரைந்த பல பத்து வாசனைப் பொருள்களின் கலவை. தெளித்த உடனே ஆல்கஹால் பறந்துவிடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப்படலம். அதிலிருந்து ஒவ்வொன்றும் தன்தன் வேகத்தில் ஆவியாகிறது. துவைத்து ஒரே கொடியில் காயப்போட்ட துணிகளில் மெல்லிய துண்டு முதலிலும் வேட்டி அடுத்தும் கனத்த ஜமக்காளம் கடைசியிலும் காய்வது போல, எலுமிச்சையின் லிமோனின் சில நிமிடங்களிலும் நடுத்தரமானவை மணிக்கணக்கிலும் கனமான மூலக்கூறுகள் மறுநாள் வரையிலும் கிளம்பிக்கொண்டிருக்கும். இந்த மூன்று கட்டங்களை முன்மணம், நடுமணம், அடிமணம் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் முகரக் கொடுக்கும் காகிதப் பட்டை, முகர்தாள், அறை வெப்பத்தில் கிடக்கும் செல்லுலோஸ். தோலோ ஏறக்குறைய 32 டிகிரியில், ஈரத்தைக் கசியவிட்டுக்கொண்டு, கொழுப்புப் பூச்சோடு இருக்கும் பரப்பு. வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்துகிறது. கொழுப்பு, தன்னில் எளிதில் கரையும் பொருள்களைப் பிடித்துவைக்கிறது. இறந்த செல்களாலான மேல்தோல் சிலவற்றை உறிஞ்சி மெதுவாகத் திருப்பித் தருகிறது. ஆகவே ஒரே கலவை காகிதத்தில் ஒரு காலவரிசையிலும் தோலில் வேறொரு காலவரிசையிலும் விரிகிறது. காகிதத்தில் எலுமிச்சை நெடுநேரம் முன்னால் நின்று மற்றவற்றை மறைக்கும். தோலில் அது விரைவாக விலகி, பாசிக்கும் கலோனுக்கும் வழிவிடும். 'தோலில் கடலாக மாறியது' என்பவர்களின் அனுபவத்துக்கு இதுவே போதுமான விளக்கம் என்று கருதுகிறேன். புதிதாக எதுவும் உண்டாகவில்லை. மறைந்திருந்தது சீக்கிரம் முன்னுக்கு வந்தது. உலர்ந்த தோலில் பெர்ஃப்யூம் நிலைக்கவில்லை என்ற புகாருக்கும், சென்னை வெயிலில் முன்மணம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவதற்கும் இதே கணக்குதான்.

இதை வெறும் ஊகமாக விடாமல் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வாசனை பூசிய தோலின் மேல் சிறு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, அதனுள் எழும் ஆவியை முடிபோன்ற உறிஞ்சு இழையில் பிடித்து, அந்த ஆவியை வாயு குரோமடோகிராஃபி கருவியில் செலுத்தினால் கலவை தனித்தனிச் சேர்மங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தெரியும். இந்த வளிமப் பகுப்புக் கருவியின் முனையில் ஒரு புனலை வைத்து ஆய்வாளரே மூக்கை நீட்டி, வெளிவரும் ஒவ்வொன்றையும் முகர்ந்து குறிப்பெழுதுவதும் உண்டு. கருவி பெரிய அளவில் காட்டும் சேர்மம் மூக்குக்கு ஒன்றுமே இல்லாமலும், கருவி அரிதாகக் காட்டுவது மூக்கைத் துளைப்பதாகவும் இருக்கக்கூடும். அதனால் இரண்டும் வேண்டும். 1990களில் ஐ.எஃப்.எஃப். என்ற வாசனை நிறுவனத்தில் இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் பிரஜா முகர்ஜி தலைமையிலான குழு தோலிலிருந்து எழும் மணத்தை இப்படி ஆராய்ந்தது. விண்வெளிக்கு அனுப்பிய ரோஜாவின் மணத்தை 1998இல் பிடித்துவந்ததும் இதே குழுதான். கொதிநிலையை மட்டும் வைத்து எது முதலில் தோலைவிட்டுக் கிளம்பும் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. கலவையில் உடன் இருப்பவையும் தோலும் சேர்ந்து அந்த வரிசையைக் கலைத்துப் போடுகின்றன.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு மறுவிளக்கத்தை எதிர்கொள்ள வேண்டும். 'ஒவ்வொருவர் தோலின் அமிலத்தன்மையும் வேறு. அது பெர்ஃப்யூமையே மாற்றிவிடுகிறது' என்று கடைக்காரர்களும் ரசிகர்களும் உறுதியாகச் சொல்கிறார்கள். தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 என்ற அளவில் லேசான அமிலம் என்பது சரி. ஆனால் கலோன் போன்ற கீட்டோன்களும் ஈதர்களும் ஆல்கஹால்களும் இவ்வளவு மெல்லிய அமிலத்தில் சில மணி நேரத்தில் உருமாறுவதற்குக் காரணம் இல்லை. இதற்குச் சான்று தேடி ஆய்வகம் போக வேண்டியதில்லை. வாசனைப் பொருள்கள் காரம் மிகுந்த சோப்பிலும், தோலைவிட அமிலம் கூடிய வியர்வைத் தடுப்பானிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அந்த இரண்டு கடுமைகளையும் தாங்குகிற ஒன்று, நடுவில் இருக்கும் தோலின் அமிலத்தில் ஒரு மாலைப்பொழுதில் சிதைந்துபோகும் என்பது நம்புவதற்கில்லை. சில எஸ்டர்களைத் தோலின் நொதிகள் உடைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது ஓரத்து விளைவு. ஆளுக்கு ஆள் தோன்றும் வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு வெப்பம், எண்ணெய்ப்பசை, ஈரம் ஆகிய எளிய பௌதிகக் காரணங்களே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. தோல் தானாகவே மணக்கிறது. தோல் எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் என்ற கொழுப்பு காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து சில கீட்டோன்களையும், பிற தோல் கொழுப்புகள் டெக்கனல் போன்ற ஆல்டிஹைடுகளையும் வெளியிடுகின்றன என்பதை ஆர்மின் விஸ்தாலரும் சார்லஸ் வெஷ்லரும் 2010இல் அளந்து காட்டினார்கள். கடற்காற்றின் மணத்தில் இல்லாத ஓசோன் மனித மணத்தில் இருக்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த முரண். இந்தப் பொருள்களின் மணம் ஆரஞ்சுத்தோலையும் பச்சைத் தாவரங்களையும் சார்ந்தது. கடல் பெர்ஃப்யூம்களின் புத்துணர்வுப் பகுதியும் இதே குடும்பத்துச் சரக்குகளால்தான் கட்டப்படுகிறது. மணிக்கட்டில் இவற்றின் அளவு சொற்பம் என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவக்கூடாது. ஆனால் உடல் மணமும் பெர்ஃப்யூமும் கலந்து புதிய ஒன்றாகின்றன என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. பிராகில் பவ்லினா லெனொக்கோவா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே தேர்ந்தெடுத்த பெர்ஃப்யூமை அணிந்தவர்களின் அக்குள் மணத்தையும், ஆய்வாளர்கள் கொடுத்ததை அணிந்தபோது எழுந்த மணத்தையும் வேறு பலர் முகர்ந்து மதிப்பிட்டார்கள். பெர்ஃப்யூம்கள் தனியாக முகரப்பட்டபோது சமமாகவே பிடித்திருந்தன. உடலோடு கலந்தபோது தாங்களே தேர்ந்தெடுத்தவை கூடுதல் இனிமையாக மதிப்பிடப்பட்டன. தன் உடம்புக்கு எது ஒத்துப்போகும் என்பதை மனிதர்கள் அறியாமலே தேர்கிறார்கள் போலும். அக்குள் வேறு, மணிக்கட்டு வேறு. நறுமணம் பூசும் இடத்தில் விளைவு இன்னும் மெலிதாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தோலுக்கு இவ்வளவு பெருமை கொடுத்தாலும், இருவர் ஒரே பெர்ஃப்யூமைப் பற்றி முரண்படும்போது பெரும்பாலும் வேறுபடுவது தோல்தானா? இதுதான் என் வாதத்துக்கு வரக்கூடிய கடுமையான ஆட்சேபம். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991இல் கண்டறிந்த, 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த மோப்ப ஏற்பிகள் மனிதரில் ஏறக்குறைய 400 வகை. இருவரை எடுத்துக்கொண்டால் அந்த ஏற்பிகளில் 30 சதவீதத்துக்கும் மேல் செயற்பாட்டில் வேறுபடுகின்றன என்று ஜோயல் மெயின்லேண்ட் குழுவினர் 2014இல் கணக்கிட்டார்கள். ஒரு ஏற்பியில் ஏற்படும் சிறு மாற்றமே ஒரு வாசனையின் வலிமையையும் இனிமையையும் மாற்றிவிடலாம் என்று அவர்களுடைய அடுத்தகட்ட ஆய்வு 2019இல் காட்டியது. கஸ்தூரிச் சாயல் கொண்ட சில பெரிய மூலக்கூறுகளைச் சிலரால் உணரவே முடிவதில்லை. எனவே 'என் தோலில் உப்பாகிறது, அவள் தோலில் ஆகவில்லை' என்று ஒருவர் சொல்வதில் மூக்கின் பங்கும் கலந்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு பேரின் கைகளிலும் ஒரே அளவு பூசி, இருவரும் இரண்டு கைகளையும் முகர வேண்டும். கை மாறும்போது வேறுபாடு தெரிந்தால் அது தோல். எந்தக் கையை முகர்ந்தாலும் இருவரும் முரண்பட்டால் அது மூக்கு. பெர்ஃப்யூம் பற்றிய சச்சரவுகளில் பாதி இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் நீள்பவை.

கடைசியாக அடிமணம். கலோன் மெதுவாக ஆவியாவது என்றாலும், அந்தி சாயும் நேரத்தில் தோலில் எஞ்சி நிற்கும் கடல், பெரும்பாலும் வேறொரு மூலக்கூறின் வேலை. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகுக் கட்டி கடலில் பல ஆண்டுகள் மிதந்து, வெயிலும் உப்புநீரும் பட்டு மாறும்போது நறுமணப் பொருளாகிறது. அதுதான் அம்பர்கிரிஸ், நம் செய்தித்தாள்கள் திமிங்கல எச்சம் என்று எழுதுவது. இந்தியாவில் அந்தத் திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருப்பதால் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தமிழகக் கடலோர மாவட்டங்களில் அடிக்கடி பறிமுதல் நடக்கிறது. அதற்குள் இருக்கும் அம்ப்ரைன் என்ற மணமற்ற பொருளின் அமைப்பு 1946இல் தெளிவானது. அது சிதைந்து பிறக்கும் அம்ப்ராக்ஸைடுதான் மணம். 1950இல் ஃபிர்மெனிக் நிறுவனத்தில் மாக்ஸ் ஸ்டோல் குழுவினர் இதை கிளாரி சேஜ் என்ற செடியின் ஸ்கிளாரியாலிலிருந்து செய்துகாட்டினார்கள். இன்று கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் செய்கிறார்கள். திமிங்கலத்தைத் தொடாமலே கிடைக்கும் இது உலர்ந்து, வெதுவெதுப்பாக, லேசாக உப்புத் தட்டுவது போல மணக்கும். சுத்தமான மனிதத் தோலின் மணத்துக்கு மிக நெருக்கமாகவும் இருக்கும். அதனால் இந்தக் கட்டத்தில் பெர்ஃப்யூம் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். போதாததற்கு, தொடர்ந்து வரும் ஒரே வாசனைக்கு மூக்கு சீக்கிரமே பழகி அதை அறிவிப்பதை நிறுத்திக்கொள்கிறது. சற்று நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்தால் அதே வாசனை மறுபடி தெரியும். கடல் போய்விட்டது என்று எண்ணி மேலும் மேலும் தெளித்துக்கொள்கிறவர்கள், அடுத்தவர் மூக்கைத் திணறடிப்பது இதனால்தான். தெளிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.